‘விடுங்கக்கா, நான் எழுதிக்கிறேன்’

மே மாதம் பாதி போனால் எங்கள் மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் சீசன் என்றாலே மாங்காய் சீசன்தான். வருவதில் பெரும்பகுதி பெங்களூரா. வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு என்றும் சொல்வதுண்டு. இரண்டு இரண்டரை மாதத்துக்கு இரவு பகல் தெரியாது. நான் அங்கே லேபில் கெமிஸ்ட். பத்து சீசன் பார்த்துவிட்டேன்.

பெல்ட்டில் பழம் பிரிக்கும் பெண்களில் மூத்தவர் சந்தூர் அக்கா. ஊர்ப் பெயரே அவர் பெயராகிவிட்டது. சந்தூர் ஒட்டு மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். அக்கா அந்த நாற்றங்கால்களுக்கு நடுவே வளர்ந்தவர். பழத்தை எடுப்பார், காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்துவார், மூக்கருகே கொண்டுபோவார். “இது பதினாலு வராது பாப்பா, இன்னொரு நாள் கெடக்கட்டும்” என்பார். பதினான்கு என்பது பிரிக்ஸ் கணக்கு, சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு. பெங்களூரா கூழ் வாங்குகிறவர்கள் பொதுவாக அதற்குக் குறைந்து ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் லேபுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தால் பதின்மூன்றே கால் இருக்கும். பெரும்பாலும் அக்கா சொன்னதுதான் சரி.

அந்த அளவைப் பார்க்கும் கருவி ரிஃப்ராக்டோமீட்டர். கைக்கு அடக்கமான குழாய். ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி. அதில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேருகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். பெல்ட் அருகிலேயே ஒரு மேசை போட்டு, அக்காவே பார்த்து நோட்டில் எழுதினால், நான் லேபிலிருந்து ஓடி வருவதற்குள் காய்ப்பழம் கூழில் கலந்துவிடாது. லைன் செக்கர் என்று அவருக்குத் தினக்கூலியும் கூடும். மேலாளரிடம் பேசி ஒப்புதல் வாங்கியிருந்தேன்.

அக்கா தொடவில்லை. “கண்ணு மங்கல் பாப்பா” என்றார். “கை எப்பவும் ஈரமா இருக்குது, வழுக்கி விழுந்து ஒடைஞ்சா யாரு காசு கட்றது?” என்றார். இன்னொரு நாள், “இவளுங்களெல்லாம் என்னை ஒரு மாதிரியா பாப்பாளுங்க” என்றார். எல்லாமே உண்மைதான். அவருக்கு வெள்ளெழுத்து உண்டு. கை ஈரமாகத்தான் இருக்கும். கருவி விலை அதிகம். ஆனால் பழத்தில் ஈ குத்திய ஊசிமுனைப் புள்ளியை ஓடுகிற பெல்ட்டில் கண்டுபிடிக்கிற கண் அது. “என்னால் முடியாது” என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ‘முடியாது’ என்று உள்ளே கிடக்கிற நம்பிக்கை அப்படிச் சொல்லிக்கொண்டு வெளியே வருவதில்லை. ஞாயமான, நடைமுறையான காரணத்தை உடுத்திக்கொண்டு வருகிறது. அதனால்தான் அதைப் பிடிக்கவே முடிவதில்லை, சொல்கிறவருக்கே தெரிவதில்லை.

நான் என்ன செய்தேன்? “சரி, விடுங்கக்கா, நான் எழுதிக்கிறேன்” என்றேன். இரண்டு சீசன் முழுக்க இதையே சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன்.

அதற்கு நடுவில் நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தது. கேன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்து, கையை உயர்த்தி “என்னால் முடியும்” என்று பத்து முறை சொல்ல வைத்தார். அக்காவும் உரக்கச் சொன்னார். மறுநாள் காலை மேசைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார். முன்பாவது அருகில் வந்து நின்று எட்டிப் பார்ப்பார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் என்ற உளவியலாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களை நல்ல வாக்கியம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, அவர்கள் மனநிலை இன்னும் கீழே போனது. வாய் சொல்கிறது, உள்ளே ஒரு குரல் ‘பொய்’ என்கிறது. அதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அக்கா சுற்றிப் போனதுதான் கண்ணில் வந்து நின்றது.

என் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அக்காவின் கதை எனக்குப் புரிந்ததே அதனால்தான்.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வேதியியல் படித்தது அரசுக் கல்லூரியில். தொழிற்சாலைக்குக் கூழ் வாங்கும் நிறுவனங்களிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஆங்கிலத்தில் கேட்பார்கள். என் லேபில், என் மேசையில், என் கையெழுத்தில் இருக்கும் எண்ணைப் பற்றித்தான் கேள்வி. நான் மேலாளர் முகத்தைப் பார்ப்பேன். “அவங்க கொஞ்சம் கூச்சப்படுவாங்க, நான் சொல்றேன்” என்று அவர் பதில் சொல்வார். பாதி நேரம் சொல்வது தவறாக இருக்கும். அவர் கெமிஸ்ட் இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்து, அவர் பேச ஆரம்பித்ததும் அப்பாடா என்றிருக்கும். அவர் மேல் எனக்கு நன்றிதான் இருந்தது. எட்டு வருடம் அப்படிப் போனது.

ஒரு ஆடிட்டில் கூழின் அமிலத்தன்மையைப் பற்றி அவர் தப்பாகச் சொல்ல, அந்த லாட்டை மறுபரிசோதனைக்கு நிறுத்தி வைத்தார்கள். எனக்குச் சரியான பதில் தெரியும். தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. அன்று இரவு ஷிப்டில் அக்கா பழத்தை நீட்டி, “பாரு பாப்பா” என்றார். நான் வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. மேலாளர் எனக்குச் செய்வதைத்தான் நான் இவருக்குச் செய்கிறேன். என் கூச்சத்துக்கு அவர் பாய் விரித்தார். அக்காவின் பயத்துக்கு நான் விரித்தேன். ஒவ்வொரு முறை நான் எழுதியபோதும், ‘இது உன் வேலை இல்லை’ என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த சீசனில் எதுவும் பேசவில்லை. கூட்டம் இல்லாத விடியற்காலையில், டீ இடைவேளையில், அக்காவை லேபுக்குக் கூப்பிட்டேன். சாறு எதுவும் வைக்கவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் வைத்தேன். “இதை ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கக்கா. நீலம் எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.” தண்ணீர் எப்போதும் சைபர்தான் காட்டும். தப்பாகப் போக வழியே இல்லை. எங்களுக்கும் தினமும் காலையில் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை அதுதான். அக்கா வெகுநேரம் பார்த்தார். “சைபர்ல நிக்குது” என்றார், யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோல. மறுநாளும் தண்ணீர். மூன்றாம் நாள் அவரே தன் டீயை விட்டுப் பார்த்தார்.

பெல்ட் மேசைக்கு வந்த முதல் வாரம் ஒரு தடங்கல். சூடேற்றும் பக்கத்திலிருந்து வந்த கூழைப் பார்த்துப் பதின்மூன்று என்று எழுதியிருந்தார். லேபில் அதே கூழ் பதினான்கரை காட்டியது. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “பாத்தியா பாப்பா, எனக்கு வராதுன்னு தெரியும்” என்றார். அதுவரை ஒரு முறைகூட வாயில் வராத வாக்கியம் அன்று வந்தது. அது இத்தனை நாளும் ஒரு சாட்சிக்காகக் காத்திருந்திருக்கிறது. சரியாகப் பார்த்த முப்பது தடவை அதன் கணக்கில் ஏறவில்லை, தப்பான ஒன்று உடனே ஏறிவிட்டது.

நான் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. அது மறுபடியும் பாய் விரிப்பது. தப்பு எங்கே என்று காட்டினேன். பிரிக்ஸ் அளவு இருபது டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிட்டது. சூடான சாறு ஒளியைக் குறைவாக வளைக்கும்; அதனால் சர்க்கரை இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் இதே தப்பைச் செய்தேன் என்பதையும் சொன்னேன். அக்கா அதே கூழை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றி, மறுபடி பார்த்தார். பதினான்கரை. “சூட்டோட பாத்தா பொய் சொல்லுது” என்றார். பிறகு பெல்ட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

மார்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் 1967-ல் நாய்களை வைத்து ஆய்வு செய்து, தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய உயிர் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்று கற்றுக்கொள்கிறது என்றார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவரும் மூளை ஆய்வுகளைப் பார்த்துத் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். நெருக்கடி நீடித்தால் ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பு, அதை யாரும் கற்பதில்லை. ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல். பயந்து ஒதுங்குகிறவரிடம் குறை ஒன்றும் இல்லை. கையில் இருக்கிறது என்று காட்டும் அனுபவம் இன்னும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு அப்படி ஒன்று முன்பே வாய்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே எங்கள் பக்கம்தான். 1989-ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில். அக்கா கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தது குழுவில் சேர்ந்த பிறகு. “ஒரு மாசம் பேரை மண்ணுல எழுதிப் பாத்தேன், யாரும் பாக்காதப்ப” என்று ஒருநாள் சொன்னார். அவருடைய வழி அவருக்கே தெரிந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

போன வருடம் ஆடிட். வந்தவர் பெல்ட் மேசையிலிருந்த நோட்டைப் புரட்டினார். அக்காவின் எண்கள் பெரிதாக இருக்கும், புள்ளி மிளகு அளவுக்கு இருக்கும். இது யார் எழுதியது, சூடான கூழ் என்றால் என்ன செய்வார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கழுத்து தானாக மேலாளர் பக்கம் திரும்பியது. இன்றும் முதலில் அப்படித்தான் திரும்புகிறது. மேலாளர் வாயைத் திறப்பதற்குள், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஆற்றி அளப்பதை நானே சொன்னேன். ஒரு வார்த்தை வரவில்லை, தமிழிலேயே போட்டேன். அவருக்குப் புரிந்தது. எழுதியவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆடிட்டர் கூழ் இருந்த கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. கருவியை எடுத்து, முதலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பினார்.