கல்லில் ஒரு தச்சு வேலை

பிப்ரவரி 13, வியாழன். ஆக்ரா

வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்கு விடுமுறை என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. டிக்கெட் போடும்போது பார்த்திருக்கலாம். சரி, நாளைக்கு அக்பர் கட்டிய பழைய தலைநகர் ஃபதேபூர் சிக்ரி. ஈத்கா பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் இருக்கிறதாம்.

பிப்ரவரி 14, வெள்ளி. சிக்ரி

பஸ்ஸை விட்டு இறங்கியதும் "கைடு, கைடு" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லியும் ஒருவர் கூடவே வந்தார். "தண்ணீர் இல்லை, அதனால் அக்பர் ஊரை விட்டுப் போய்விட்டார்" என்றார். அது மட்டும்தானா? 1585இல் காபூலில் தம்பி மிர்ஸா ஹக்கீம் இறந்ததும் வடமேற்கு எல்லையைக் கவனிக்க அக்பர் பஞ்சாப் பக்கம் போனார், லாகூரிலேயே பல வருஷம் தங்கிவிட்டார். 1571இல் தொடங்கிய ஊர், தலைநகராக இருந்தது 14 வருஷம்தான். அதே 1585இல் இங்கே வந்த ரால்ஃப் ஃபிட்ச் என்ற ஆங்கிலேய வியாபாரி, இந்த ஊர் லண்டனைவிடப் பெரியது என்று எழுதிவைத்திருக்கிறார்.

பஞ்ச் மஹால் என்ற ஐந்தடுக்கு மண்டபத்தில் தூண்களை எண்ணப் பார்த்தேன். மொத்தம் 176, கீழ்த்தளத்தில் மட்டும் 84. அறுபதைத் தாண்டும்போது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் குறுக்கே வந்து கணக்கு போச்சு.

என் அப்பா தச்சர். அதனாலோ என்னவோ, திவான்-இ-காஸ் என்ற தனிச் சந்திப்பு மண்டபத்துக்குள்ளே போனதும் கால் நகரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. உள்ளே ஒரே கூடம், நடுவில் ஒற்றைத் தூண். அடியில் சதுரம், மேலே எட்டுப் பட்டை. தலைப்பகுதியில் 36 போதிகைகள் (பாரம் தாங்கும் கைகள்) வளைந்து வளைந்து விரிந்து ஒரு வட்ட மேடையைத் தாங்குகின்றன. அங்கிருந்து நாலு மூலைக்கும் நாலு நடைபாலங்கள். போதிகை, உத்தரம், கைப்பிடிச் சுவர் எல்லாம் செங்கல் நிற மணற்கல். ஆனால் வேலை மரவேலை.

துருக்கி சுல்தானா வீடு என்கிறார்களே, அது இன்னும் மோசம் (நல்ல அர்த்தத்தில்). சின்னதாக ஒரே அறை. சுவரின் கீழ்ப்பாதியில் காடு செதுக்கியிருக்கிறான்: மரம், பறவை, மிருகம். கிட்டே குனிந்து பார்த்தால் மிருகங்களுக்குத் தலை இல்லை. யாரோ உளி வைத்துத் தட்டி எடுத்திருக்கிறார்கள். உடம்பும் வாலும் அப்படியே இருக்கின்றன.

தர்கா பக்கம் ஜும்மா கூட்டம். சலீம் சிஷ்டியின் வெள்ளைப் பளிங்குச் சமாதி, ஜாலி (கல் சல்லடை ஜன்னல்) முழுக்க வேண்டுதல் நூல்.

மசூதியின் பெரிய வாசல் புலந்த் தர்வாஸா 54 மீட்டர் உயரம். வளைவின் உச்சியில் தேன்கூடுகள் தொங்குகின்றன. மரக்கதவில் வரிசையாகக் குதிரை லாடங்கள் அடித்திருக்கிறார்கள். "உலகம் ஒரு பாலம், கடந்து போ, அதன்மேல் வீடு கட்டாதே" என்ற ஈசா நபியின் (இயேசுவின்) வாக்கும் வாசலில் பொறித்திருக்கிறது. அந்தக் கல்வெட்டு 1601ஆம் வருஷத்தது. அதற்குள் கட்டிய வீட்டை விட்டுப் போய் 16 வருஷம் ஆகிவிட்டது, பாதுஷாவுக்கு!

பிப்ரவரி 15, சனி. ஆக்ரா

ராத்திரி தூண் போட்டோவை அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். காலையில் பதில்: "எந்த மரம்? தேக்கா?"

கல் என்று போட்டேன். உடனே போன் வந்துவிட்டது. "போதிகையை எப்படிக் காடி எடுத்துச் சொருகியிருக்கான்? இணைப்பைக் கிட்டப் போய் எடுத்தியா?"

எடுக்கவில்லை.