சொந்த வண்டிக்கே திருட்டுக் கேஸ்

தன்னோட வண்டியைத் தானே திருடினதாச் சொல்லி என் தம்பியை ஒரு ராத்திரி முழுக்க லாக்கப்புல வெச்சிருந்தாங்க. நெனைச்சா இன்னும் வயிறு எரியுது.

சோமனூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னதா ஒரு தறிகுடோன். நூல் எடுக்க, துணி போட எல்லாத்துக்கும் தம்பி ஸ்பிளெண்டர்லதான் அலைவான். 2022-ல அது ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல திருடு போச்சு. பக்கத்து மாவட்டத்துல திருடன் சிக்கினப்ப வண்டியும் சிக்குச்சு. கேஸ் சொத்துன்னு ஸ்டேஷன்லயே நிறுத்திட்டாங்க. வக்கீல் வெச்சு, அப்ப இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 451-வது பிரிவுப்படி மனு போட்டு, ஜாமீன்தாரைக் கூட்டிட்டுப் போய், பாண்டு எழுதிக் கொடுத்து எடுத்துட்டு வந்தோம். விக்கக் கூடாது, பெயிண்ட் மாத்தக் கூடாது, கூப்பிட்டாக் கொண்டு வந்து நிறுத்தணும். எல்லாத்துக்கும் அவன் கட்டுப்பட்டுத்தான் ஓட்டினான்.

போன வருசம் ராத்திரி வாகனச் சோதனையில நம்பரைத் தட்டினதும் திருட்டு வண்டின்னு காட்டியிருக்குது. முன்ன வண்டியை நிறுத்தி வெச்சிருந்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டாங்க. அங்க ரிஜிஸ்டரைப் பார்த்துட்டு, "வண்டி எங்க காம்பவுண்டுக்குள்ளதான இருக்கோணும்?"னு சொல்லிட்டாங்க. எந்திரிச்சுப் போய் ஒரு எட்டு பார்க்கல. அப்புறமென்ன, ஸ்டேஷன்ல இருந்தே வண்டியைக் கிளப்பிட்டான்னு கைது. "ஏனுங் சார், கோர்ட் ஆர்டர் வீட்ல இருக்குதுங்"னு அவன் கெஞ்சினதை யாரும் காதுல போட்டுக்கல. மறுநாள் நடுவர் முன்னால வக்கீல் ஆர்டர் நகலைக் காட்டினப்புறம்தான் விட்டாங்க.

அந்த ரிஜிஸ்டரைப் பின்னாடி நானே பார்த்தேன். ஓரம் கரையான் அரிச்ச நீள நோட்டு. வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், கைப்பற்றின தேதி எல்லாம் நீல மையில தெளிவா இருக்குது. யாருகிட்ட, என்னிக்கு ஒப்படைச்சதுங்கிற கடைசிக் கட்டம் மட்டும் காலி. தம்பி கையெழுத்துப் போட்ட தனித்தாள் கேஸ் கட்டுக்குள்ள கிடக்குது. அப்ப ஸ்டேஷன்ல பதிவேடு எழுதின ரைட்டர் மாறுதல்ல போயிட்டாராம். வெளிய புங்க மரத்தடியில துருப்பிடிச்ச வண்டிக. சக்கரக் கம்பிக்குள்ள கோவைக்கொடி ஏறியிருக்குது. நோட்டையும் வண்டிகளையும் ஒத்துப் பார்த்துப் பல காலம் ஆயிருக்கும்.

சட்டம் இல்லாம இல்ல. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல 2002-லயே உச்ச நீதிமன்றம், வண்டிகளை ஸ்டேஷன்ல நெடுநாள் போட்டு வெக்காதீங்க, போட்டோ எடுத்து பாண்டு வாங்கிட்டுக் கொடுங்கன்னு சொல்லிருச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலா நடப்புல இருக்கிற பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டம் 497-வது பிரிவுல, கோர்ட்டு 14 நாளுக்குள்ள சொத்து விவரம் எழுதணும், போட்டோ எடுக்கணும்னு இருக்குது. சரி, வண்டியைக் கொடுத்தாச்சு. 'திருட்டு'ங்கிற பதிவை எடுக்கிறது யார் வேலை? புகார் வாங்கின ஸ்டேஷன், வண்டியைப் பிடிச்ச ஸ்டேஷனைக் காட்டுது, அவங்க திருப்பி இவங்களைக் காட்டறாங்க.

கேஸ் வண்டியை மீட்டு ஓட்டறவங்க ஆர்டர் நகலை வண்டியிலயே வைங்க. ரிஜிஸ்டர்ல ஒப்படைச்ச பதிவைக் கண்ணால பார்க்காம ஸ்டேஷனை விட்டுக் கிளம்பாதீங்க.

பீகார்ல ருதுல் ஷாங்கிற கைதியை 1968-ல கோர்ட்டு விடுதலை பண்ணியும் 1982 வரைக்கும் ஜெயில்லயே வெச்சிருந்தாங்க. 1983-ல உச்ச நீதிமன்றம் அவருக்கு நஷ்டஈடு கொடுக்க வெச்சுது. தம்பிக்குப் போனது ஒரு ராத்திரிதான்னு சொந்தக்காரங்களே சொல்றாங்க. அந்த ராத்திரிக்கும் அரசாங்கம் பதில் சொல்லித்தான் ஆகணும். மனித உரிமை ஆணையத்துல மனு கொடுத்திருக்கோம், விசாரணைத் தேதி இன்னும் வரல.