ஐந்து மைக்குக்கு ஒரே கூடம்

ஜூன் 7, 2025

வில்லுப்பாட்டுப் பதிவு முடிந்துவிட்டது. ஆடி மாதக் கோயில் கொடைக்கு முன்னால் ஒரு மணி நேரக் கதையை ஆளுக்கொரு கோப்பாகக் கொடுக்க வேண்டும் என்பது கதை பாடும் அண்ணாச்சியின் ஆசை. என் அறையில் இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது. அதனால் தனித்தனியாகத்தான் பதிந்தோம். அண்ணாச்சியின் குரல், பின்பாட்டு, உடுக்கை, குடம், கடைசியாக வில்லும் ஜால்ராவும். சுவரெல்லாம் போர்வை தொங்கியதால் ஒலி சுத்தமாக வந்திருக்கிறது, ஆனால் வறண்டு கிடக்கிறது. கொடையில் பந்தலுக்குக் கீழே கேட்டுப் பழகிய காதுக்கு இது வில்லுப்பாட்டாகவே தோன்றவில்லை.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஐந்து ட்ராக்கிலும் தனித்தனியாக ரியாவெர்பேட் என்ற ப்ளகினைப் போட்டேன். அறையின் எதிரொலிப்பான ரீவெர்ப் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். உடுக்கை கல்யாண மண்டபத்தில் கேட்டது, குடம் தண்ணீர்த் தொட்டிக்குள் கேட்டது, அண்ணாச்சி மட்டும் குளியலறையில் பாடினார். ஐந்து பேரும் ஐந்து ஊரிலிருந்து போனில் பேசுவதைப் போல இருந்தது. இரவு பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 8

காலையில், ஒலியின் நகலை வேறு ட்ராக்குக்கு அனுப்பும் சென்ட் வழியில் ஆரம்பித்தேன். புதிதாக ஒரு ட்ராக் திறந்து, அதற்குக் ‘கூடம்’ என்று பெயர் வைத்து, அதில் மட்டும் ஒரு ரீவெர்ப். பிறகு ஒவ்வொரு ட்ராக்கின் ரூட் பொத்தானையும் பிடித்துக் கூடத்தின் மேல் இழுத்து விட்டேன். சென்ட் உருவாகிவிட்டது. ரீப்பரில், நகல் போய்ச் சேரும் ரிட்டர்னுக்கென்று தனி வகை ட்ராக் கிடையாது, எந்த ட்ராக்கும் அந்த வேலையைச் செய்யும். மற்ற மென்பொருள்களில் இதே ட்ராக்குக்கு ஆக்ஸ் என்றோ ரிட்டர்ன் என்றோ பெயர்.

நேற்று செய்தது இன்சர்ட். அதில் ஒலி முழுவதும் ப்ளகினுக்குள் போய்த்தான் வெளியே வரும். சென்ட் அப்படியல்ல. அசல் ஒலி தன் வழியில் நேராகப் போய்க்கொண்டே இருக்கும், அதன் நகல் மட்டும் கூடத்துக்குப் போகும். வாய்க்காலில் மடை திறப்பது போல என்று முதலில் நினைத்தேன். ஆனால் மடை திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் குறையுமே. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதுதான் சரியான உவமை. எத்தனை விளக்கு ஏற்றினாலும் முதல் சுடர் குறைவதில்லை.

மதியம் வரை ஒரு தவறு பிடிபடவில்லை. சென்டைக் கூட்டக் கூட, கூடம் பெரிதாவதற்குப் பதில் அண்ணாச்சியின் குரல்தான் சத்தமானது. ரியாவெர்பேட்டில் அசல் ஒலியை விடும் ‘ட்ரை’ திறந்தே இருந்திருக்கிறது. அசல் குரல் ஏற்கெனவே நேர்வழியில் வருகிறது, கூடத்திலிருந்தும் அதே குரல் இன்னொரு தடவை வந்து சேர்கிறது. ஒரே அளவில் இரண்டும் சேர்ந்தால் 6 டெசிபெல் ஏறிவிடும். ட்ரை சறுக்கியைக் கீழே வரை இறக்கி, எதிரொலியான ‘வெட்’, அதாவது ஈரம், மட்டும் வைத்தேன். ரிட்டர்னில் எப்போதுமே ஈரம் மட்டும்தான் இருக்க வேண்டும். இதைத் தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டேன்.

ஜூன் 10

இன்று அளவு பார்த்தேன். மேடையில் அண்ணாச்சி வில்லுக்கு நேரே முன்னால் இருப்பார், பின்பாட்டுக்காரர்கள் அவருக்குப் பின்னால். அந்த இருக்கையைக் காதுக்குக் காட்ட வேண்டும். அண்ணாச்சியின் சென்ட் மைனஸ் 18 டெசிபெல், உடுக்கைக்கு மைனஸ் 14, பின்பாட்டுக்கு மைனஸ் 9. மைனஸ் எண் பெரிதானால் கூடத்துக்குப் போவது குறைவு. ரீவெர்ப் ஒன்றே, குமிழ் ஒன்றும் மாறவில்லை, கூடத்துக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது மட்டும் மாறுகிறது. கண்ணை மூடிக் கேட்டபோது பின்பாட்டு நாலடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. அந்த நிமிடம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு பக்கவாத்தியமும் தனி நாளில் தனி ஆளாகப் பதிந்தது என்பதைக் காது நம்ப மறுத்தது.

சென்ட், ரிட்டர்ன் என்ற இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தபோது இன்னும் பிடித்துப்போனது. ‘அனுப்பு’, ‘திரும்பு’ என்பவை ஒரு காலத்தில் நிஜமாகவே கம்பி வழியாக நடந்தவை. 1947இல் சிகாகோவில் பில் பட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஸ்டூடியோக் கட்டடத்தின் கழிவறையில் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்தார். ஹார்மோனிகா குழுவின் ஒலியை அங்கே அனுப்பி, சுவரில் பட்டு வந்ததை மைக்கில் பிடித்து, மிக்ஸில் கலந்தார். பிறகு பெரிய ஸ்டூடியோக்கள் இதற்கென்றே எதிரொலி அறைகள் கட்டின. 1957இல் ஜெர்மனியிலிருந்து ஈஎம்டி 140 வந்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரத்துக்கு மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள், அது அதிர்வதே ரீவெர்ப். அப்படிப்பட்ட தகட்டை மைக்குக்கு ஒன்றாக யார் வாங்க முடியும்? ஒன்று வாங்கி எல்லாச் சேனலிலிருந்தும் கம்பி இழுத்தார்கள். பணத்தாலும் இடத்தாலும் வந்த கட்டாயம்தான், ஆனால் பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லாரும் ஒரே அறைக்குள் வந்துவிட்டார்கள்.

என் பழைய மடிக்கணினிக்கும் அதே நிலைமைதான். ஐந்து ரீவெர்ப் ஓடியபோது விசிறி கத்தியது. ஒன்று மட்டும் ஓடுவதால் இப்போது அமைதியாக இருக்கிறது.

ஜூன் 11

அண்ணாச்சி சாயங்காலம் வந்தார். ஹெட்போனை மாட்டி இரண்டு நிமிடம் கேட்டார்.

“தம்பி, எல்லாரும் ஒண்ணா இருக்கோம், அது சரி. ஆனா கெணத்துக்குள்ள இருந்துல்லா பாடுத மாதிரி இருக்கு.”

அவர் சொன்னது உண்மை. ட்ராக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டதில் குற்றவாளி குடம் என்று தெரிந்தது. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது எழும் ‘கும்’ ஓசை கூடத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்த அடி விழுவதற்குள் முந்தையது அடங்குவதில்லை. ரீவெர்புக்கு முன்னால், ஒலியின் அடியையும் உச்சியையும் வடிகட்டும் ஒரு ரியாஈக்யூ போட்டு 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன், 10,000க்கு மேலேயும் வெட்டினேன். லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய வழக்கம் இது. 600 கொஞ்சம் அதிகம் என்று பயந்தேன். ஆனால் வெட்டுவது கூடத்துக்குப் போகும் நகலை மட்டும்தானே. குடத்தின் அசல் ‘கும்’ நேர்வழியில் முழுசாக வந்துகொண்டிருக்கிறது. இன்சர்ட்டாக இருந்திருந்தால் குடத்தையே வெட்டியிருப்பேன்.

கூடவே, ரீவெர்ப் தொடங்குவதற்கு முன் விடும் இடைவெளியான ப்ரீ-டிலேயை 30 மில்லிசெகண்டுக்கு ஏற்றினேன். அந்த நேரத்தில் ஒலி சுமார் 10 மீட்டர் போகும். அண்ணாச்சியின் சொல் முதலில் வந்து சேர்ந்து, அதற்குப் பிறகே கூடம் பதில் சொல்கிறது. வசனம் தெளிவாகிவிட்டது. கதை சொல்லும் கலையில் சொல் மங்கினால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஜூன் 14

கதையில் ஒரு இடத்தில் சாமி காட்டுக்குள் நடந்து மறைய வேண்டும். அந்த வரியில் குரலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மெல்ல இறக்கினேன். குரலோடு கூடமும் சேர்ந்து இறங்கியது. தூரம் போனது போல இல்லை, யாரோ வால்யூமைக் குறைத்தது போல இருந்தது.

காரணம், சென்ட் போஸ்ட்-ஃபேடராக இருப்பது. ஃபேடரைத் தாண்டிய பிறகே நகல் எடுக்கப்படுகிறது. சாதாரணமாக இதுதான் வேண்டும். குடத்தை 3 டெசிபெல் ஏற்றினால் அதன் ஈரமும் 3 ஏறும், விகிதம் கெடாது. இந்த ஒரு வரிக்கு மட்டும் நேர்மாறானது வேண்டும். வரியைத் தனி ட்ராக்குக்கு மாற்றி, அதன் சென்டை, ஃபேடருக்கு முன்பே நகல் எடுக்கும் ப்ரீ-ஃபேடர் ஆக்கினேன். இப்போது ஃபேடர் இறங்க இறங்க அசல் குரல் மட்டும் தேய்கிறது, கூடத்தில் அதன் எதிரொலி அப்படியே நிற்கிறது. கடைசிச் சொல்லில் ஃபேடர் அடியில் கிடக்கிறது, குரல் மட்டும் மரங்களுக்கு இடையிலிருந்து வருகிறது. சாமி நடந்து போய்விட்டார்.

பதிவு நாட்களில் ஹெட்போனுக்கு அனுப்பியதும் ப்ரீ-ஃபேடர்தான். நான் மிக்ஸில் எதை ஏற்றி இறக்கினாலும், பாடுகிறவர் காதில் அவர் கேட்ட அளவு மாறக்கூடாது.

ஜூன் 17

இன்று முழுவதும் ‘ஆமா’.

அண்ணாச்சி ஒரு வரி சொல்வார், பின்பாட்டு ‘ஆமா’ போடும். சண்டைக் காட்சிக்கு முந்தைய ஒரே ஒரு ‘ஆமா’ மட்டும் எதிரொலித்து ஓய வேண்டும் என்று மனசு சொல்லியது. இரண்டாவதாக ஒரு ரிட்டர்ன் திறந்து, ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் ரியாடிலே போட்டு, ‘மலை’ என்று பெயர் வைத்தேன். தாளம் காட்டும் கிளிக் ஒலி இல்லாமல் பதிந்தாலும் அந்தப் பகுதி நிமிடத்துக்கு 80 தட்டை ஒட்டியே போகிறது. 60,000ஐ 80ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 750 மில்லிசெகண்ட், பாதித் தட்டுக்கு 375. டிலேயை 375இல் வைத்தேன்.

சென்டின் அளவை நேரத்துக்கேற்பத் தானாக மாற்ற ஒரு ஆட்டோமேஷன் கோடு. முழுக் கதையிலும் அது தரையில் கிடக்கிறது, அந்த ஒரு ‘ஆமா’வில் மட்டும் எழுந்து மறுபடி விழுகிறது. சென்டை மூடிய பிறகும் உள்ளே போனது எதிரொலித்துக்கொண்டே ஓய்கிறது. ரிட்டர்னின் ஃபேடரில் இதைச் செய்திருந்தால் வாலையே வெட்டியிருக்கும். கதவு உள்ளே போகிற பக்கம் இருக்க வேண்டும்.

மலையிலிருந்து கூடத்துக்கும் சின்னதாக ஒரு சென்ட் கொடுத்தேன், எதிரொலியும் அதே இடத்தில் ஒலிக்கட்டும் என்று. ஒரு ரிட்டர்ன் இன்னொன்றுக்கு அனுப்பலாம். ஆனால் கூடத்திலிருந்து திரும்ப மலைக்கு அனுப்பினால் ஒலி வட்டமடித்து ஊளையிடும். ரீப்பர் அந்தச் சுற்றைத் தானாக அனுமதிப்பதில்லை, ப்ராஜெக்ட் அமைப்பில் போய்த் திறந்தால்தான் உண்டு. திறக்கவில்லை.

எதிரொலி அண்ணாச்சியின் அடுத்த வரியை மிதித்தது. அதற்கும் ஒரு சென்டே கை கொடுத்தது. அவர் குரலை மலை ட்ராக்கின் 3, 4ஆம் சேனலுக்கு அனுப்பினேன். அங்கே டிலேக்குப் பின்னால் உள்ள, ஒலியை அமுக்கும் ரியாகாம்ப் அந்தக் குரலை ஒட்டுக்கேட்கிறது. அவர் பேசும்போது எதிரொலி பணிந்துகொள்கிறது, மூச்சு விடும்போது தலைதூக்குகிறது. பெரியவர் பேசும்போது நடுவில் பேசாத பிள்ளை மாதிரி.

ஜூன் 21

ஹாரன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். கொடையில் இது அதில்தான் ஒலிக்கும். ஹாரன் மோனோ, இடது வலது என்று பிரியாத ஒரே ஒலி. ஸ்டீரியோவில் இரண்டு பக்கமும் விரிந்திருந்த கூடம் அதில் பாதி காணாமல் போனது. மிச்சம் இருந்ததும் தெருவின் எதிரொலியோடு மோதியது. திறந்தவெளிக்கு ஏற்கெனவே ஒரு கூடம் இருக்கிறது, நான் இன்னொன்றைக் கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறேன்.

ஐந்து ட்ராக்கையும் தொடவில்லை. கூடத்தின் ஃபேடரை மட்டும் 6 டெசிபெல் இறக்கினேன். மொத்தக் குழுவும் வறண்டது, ஆனால் யார் முன்னால் யார் பின்னால் என்பது கலையவில்லை. இதை ஹாரனுக்கென்று தனிக் கோப்பாக எடுத்தேன். போனில் கேட்பவர்களுக்குப் பழைய அளவிலேயே இன்னொன்று.

அண்ணாச்சி தெருமுனை வரை நடந்துபோய்க் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“குடம் இன்னுங் கொஞ்சம் தூக்குங்க தம்பி.”

2 டெசிபெல் தூக்கினேன். அதன் ஈரம் தானாகவே கூட வந்தது. மறுபடி தெருமுனைக்குப் போனார், அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார்.