ஹங்கேரியச் சாப்பாட்டுச் சொற்கள்: ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்த பிறகு

சாப்பாடு, சுவை சார்ந்த ஆங்கிலச் சொற்கள் 120. ஒவ்வொன்றுக்கும் ஹங்கேரியச் சொல். ஆன்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் ஹங்கேரியம், நாளுக்குப் பத்து அட்டை. இதுதான் முதல் ஏற்பாடு. பொருட்பெயர்கள் தகராறில்லாமல் மனதில் ஏறின: கெஞேர் ரொட்டி, தெய் பால், தொயாஷ் முட்டை, லெவெஷ் சூப். வினைச்சொல்லும் சுவைச்சொல்லும் வந்ததும் அடுக்கு ஆட்டம் கண்டது.

முதலில் சறுக்கியது ‘டேஸ்ட்’ அட்டை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்பக்கத்தில் நான்கு விடை வேண்டியிருந்தது. சுவை என்றால் ஈஸ். ருசி பார்ப்பது கோஷ்தொல். வாய்க்குப் பிடித்திருந்தால் ஈஸ்லிக். உடை, இசையில் உள்ள ரசனை ஈஸ்லேஷ். நான்கையும் ஒரே அட்டையில் திணித்தால் எதைக் கேட்கிறது என்றே தெரியாது, மதிப்பெண்ணும் பொய்யாகும். ஆங்கிலத்தை எடுத்துவிட்டு முன்பக்கத்தில் தமிழ் வாக்கியம் போட்டதும் நான்கும் தானாகப் பிரிந்தன. ‘எனக்கு சூப் பிடிச்சிருக்கு’ என்பதற்கு ‘நெக்கெம் ஈஸ்லிக் அ லெவெஷ்’. நெக்கெம் என்றால் ‘எனக்கு’. நம் நான்காம் வேற்றுமை அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஈஸ்லிக் வாய்க்குள் போவதற்கு மட்டும். வீடு, சட்டை, பாட்டு பிடித்திருந்தால் தெத்ஸிக். சூப்புக்குத் தெத்ஸிக் போட்டால் அதன் தோற்றத்தைப் பாராட்டியதாகிவிடும்.

‘ஹாட்’ அட்டைக்கும் அதே வைத்தியம். கொதிக்கக் கொதிக்க இருப்பது ஃபொர்ரோ, இதமான சூடு மெலெக், காரம் ச்சீப்போஷ். தமிழில் சூட்டையும் காரத்தையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் ஆங்கிலம் வழியாகப் போனதால் வந்தது. காரத்துக்கு எரோஷ் என்றும் சொல்வார்கள், நேர்ப்பொருள் ‘வலுவான’.

அறுசுவையையே தலைப்பாக வைத்து ஆறு அட்டை போட்டதில் இன்னொரு லாபம். இனிப்பு ஏதெஷ், புளிப்பு ஷவஞூ, உப்பு ஷோஷ், கசப்பு கெஷெரூ, காரம் ச்சீப்போஷ். துவர்ப்புக்கு ஃபஞர் நெருங்கி வருகிறது, முழுதாகப் பொருந்தாது. காயில் கொஞ்சம் புளிப்பும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும் சேர்ந்த நிலை அது. குத்தலான நகைச்சுவையையும் ஃபஞர் என்கிறார்கள்.

தமிழே எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நினைத்தால் ஷுல்த் அடித்துப்போடும். அடுப்பில் வெந்த ரொட்டி, தணலில் சுட்ட கோழி, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். இங்கே முன்பக்கத்தில் வினையை எழுதாமல் பண்டத்தையே எழுத வேண்டும்: ஷுல்த் க்ரும்ப்லி என்றால் பொரித்த உருளை. மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்று வரிசையாகப் புரட்டிப் பொரித்தால் மட்டும் ராந்தொத். நீரில் வெந்தது ஃபோத்.

சாப்பிடுவதற்கு எஸ்ஸிக். வேர் நிலையாக நிற்காது: சாப்பிட என்றால் என்னி, சாப்பிட்டான் என்றால் எவெத், சாப்பிடு என்றால் எத்யேல். இவற்றை விதியாகக் கற்பதைவிடத் தனித்தனி அட்டையாகப் போடுவதே சுருக்கவழி. பிறகு, செயப்படுபொருள் குறிப்பான ஒன்றா இல்லையா என்பதைப் பொறுத்து வினையின் விகுதி மாறும். ‘ஆப்பிள் சாப்பிடுகிறாய்’ என்பதில் எஸெல், ‘அந்த ஆப்பிளைச் சாப்பிடுகிறாய்’ என்பதில் எஸெத். நாம் ‘ஐ’ போடும் இடம் பெரும்பாலும் இரண்டாவது வகை. இதைத் தன்மையில் பழகியதுதான் தவறு: ‘நான்’ என்றால் இரண்டுக்கும் எஸெம்தான், வேறுபாடே தெரியாது. முன்னிலையில் மாற்றி எழுதியதும் வேறுபாடு பிடிபட்டுவிட்டது. முன்னே ‘மெக்’ ஒட்டினால் நம் ‘விட்டேன்’: எத்தெம் சாப்பிட்டேன், மெகெத்தெம் சாப்பிட்டுவிட்டேன்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்ததில் நன்மையும் உண்டு, வில்லங்கமும் உண்டு. எ-ஏ, ஒ-ஓ குறில் நெடில் அங்கும் உண்டு. அவர்களுடைய ‘த’ நாக்கு பல்லைத் தொடும் நம் ‘த’தான், ‘ட’ அல்ல. வில்லங்கம் இரட்டிப்பில். உணவு என்பதை ஏத்தெல் என்று எழுதுகிறோம், ‘த்த’ போடாவிட்டால் ஒலி மெலிந்துவிடும் என்பதால். ஆனால் அங்கே ஒற்றை ‘த’தான். எத்தெம் என்பதில் உண்மையாகவே இரட்டை. எழுத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. அதனால் உண்மையான இரட்டிப்புக்கு மட்டும் சிவப்பு நிறம். குறில் ‘அ’வை உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒலிப்பதிவு இல்லாமல் பிடிக்க முடியாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் வேண்டிய அட்டை ‘வன் பென்னெ ஹூஷ்?’, இதில் இறைச்சி இருக்கிறதா. ஹூஷ் இடத்தில் ஜீர் போட்டால் கொழுப்பு. பன்றிக்கொழுப்பு அங்கே பழைய சமையல் வழக்கம், ஆகவே இதையும் கேட்பது நல்லது. உணவுவிடுதிப் பட்டியலில் குயாஷ் என்றிருந்தால் அது சூப். ஆங்கிலம் பேசும் ஊர்களில் ‘கூலாஷ்’ என்று வரும் கெட்டிக் குழம்புக்கு அங்கே பொர்கொல்த் என்று பெயர்.

சந்தையில் வெளிர்மஞ்சள் மிளகாய் வாங்கும்போது ஓரசை போதும்: ‘ச்சீப்?’ காரமா என்று கேட்டதாகும். கிள்ளுகிறதா, கொட்டுகிறதா என்பதுதான் அந்த வினையின் பொருள். ஆங்கிலக் காதுக்கு விலை மலிவா என்று கேட்டதுபோல இருக்கும். ‘நெம் ச்சீப்’ என்றால் காரமில்லை.