ஹெபடைடிஸ் சி இருந்தும் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்

குடியாத்தத்தில் கர்ப்ப கால ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வந்தது. ரத்தம் வழியாகப் பரவி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் அது. ஹெச்ஐவியும் ஹெபடைடிஸ் பியும் இல்லை. எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். தொண்ணூறுகளில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ஆபரேஷனுக்கு ஏற்றியிருக்கிறார்கள். தானமாக வரும் ரத்தத்தில் இந்த வைரஸைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டில் 2001ல்தான் வந்தது. என் வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்த்த சொந்தக்காரர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

முதலில் எடுத்தது ஆன்டிபாடி டெஸ்ட். ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் பொருள். கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். இப்போதும் இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் கிருமியையே தேடும் ஆர்என்ஏ டெஸ்ட்தான் சொல்லும். அது எடுக்காமல் யாரும் அழாதீர்கள். எனக்கு அதிலும் இருந்தது. அத்தை கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தார். இந்தக் கிருமிக்கு அது மருந்தில்லை என்று டாக்டரையே சொல்ல வைத்தேன்.

வேலூரில் பார்த்த கல்லீரல் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிருமி இருக்கும் தாய்மார் 100 பேரில் ஐந்தாறு பேரின் குழந்தைக்குத்தான் அது போகும். ஹெச்ஐவியும் சேர்ந்திருந்தால் கூடும். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. கிருமியைப் போக்கும் மாத்திரையைக் கர்ப்பத்தில் வழக்கமாகக் கொடுப்பதில்லை. சரி என்று காத்திருந்தேன், சுகப்பிரசவம்தான்.

பிரசவம் ஆன இடத்தில் ஒரு நர்ஸ், "பால் கொடுக்காதம்மா, புட்டிப்பால் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். மார்பு கட்டி, பிள்ளை பசியில் கத்துகிறது. வேலூர் டாக்டருக்குப் போன் போட்டோம். தாய்ப்பால் வழியாக இது பரவாது. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்தி, பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்றார். அன்றைக்கே கொடுத்தேன். இப்படி யாராவது தடுத்தால் தயவுசெய்து இன்னொரு டாக்டரைக் கேளுங்கள்.

பிள்ளைக்கு உடனே ஆன்டிபாடி பார்ப்பதில் பலனில்லை. அம்மாவுடைய ஆன்டிபாடி குழந்தை ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கும், பாசிட்டிவ் என்றுதான் காட்டும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆர்என்ஏ பார்க்கலாம். என் மகளுக்கு அதில் இல்லை என்று வந்தது; ஒன்றரை வயதுக்கு மேல் பார்த்த ஆன்டிபாடியும் இல்லை. வந்திருந்தாலும், சில குழந்தைகளுக்குத் தானாகப் போய்விடும், போகாவிட்டால் மூன்று வயதிலிருந்து மாத்திரை உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் பால் மறந்த பிறகு என் வைத்தியம் தொடங்கியது. சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். 2018ல் மத்திய அரசு தொடங்கிய ஹெபடைடிஸ் திட்டத்தில் இலவசமாகவே கிடைத்தது. முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்என்ஏவில் கிருமி இல்லை. ஆன்டிபாடி மட்டும் இனியும் பாசிட்டிவாகவே காட்டும் என்பதால், அந்த ஆர்என்ஏ ரிப்போர்ட்டை ஃபைலில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.