காலுக்கு வந்த குளிர்காலம்

ராத்திரி தூக்கத்தில் கால்விரல் அரித்தது. கை தானாகவே கொசுவை அடிக்கப் போனது. பனி கொட்டுகிற ஜனவரியில் கொசு ஏது? விளக்கைப் போட்டுப் பார்த்தால், சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் சிவந்து தடித்து, அங்கங்கே ஊதா ஓடியிருந்தன.

சில்பிளெயின் என்றார் மருந்துக்கடையில் இருந்தவர், வெகு அலட்சியமாக. இதற்கு உறைபனிகூட வேண்டாமாம். ஈரமும் குளிரும் சேர்ந்தால் போதும். உடம்பு தன் உள்சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள, கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. சுருங்கிக் கிடக்கும் அந்தப் பொடி ரத்தக்குழாய்களைச் சட்டென்று சூடாக்கினால் அவை தடுமாறி, சுற்றிலும் நீர் கசிந்து வீங்குகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும். அதுவரை சொறியாமல் இருப்பதுதான் தவம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சுடுதண்ணியில கல்லுப்பு போட்டுக் காலை வைம்மா, சரியாப் போயிடும்." நமக்கு எல்லா நோவுக்கும் அதுதானே முதல் வைத்தியம்! இங்கே செய்யக்கூடாதவற்றில் அதற்குத்தான் முதலிடம். ஹீட்டரில் காலை ஒட்டிவைப்பதும் அதே கணக்கு. மரத்துப்போன காலுக்குச் சூடு உறைக்காது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. காய்ந்த சாக்ஸைப் போட்டுப் போர்வைக்குள் மெல்லச் சூடேற விடுவதே நல்லது. விரல் வெளுத்து, கெட்டியாகி, தொட்டாலும் தெரியவில்லை என்றால் அது வேறு கதை. தேய்க்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஆனால் என் நிஜமான சண்டை சாக்ஸோடுதான். வெயிலில் வளர்ந்த நமக்குக் காட்டனை விட்டால் தெய்வமில்லை. குளிரில் அதே காட்டன் துரோகி. வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது, அந்த ஈரத்தோடு பஸ்ஸுக்கு நின்றால் குளிர் எலும்பில் இறங்கும். கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்துவைக்கும். சரி, இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொண்டால்? பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். உள்ளே விரல்கள் ஆட இடம் இருக்க வேண்டும். சாயங்காலம் வந்ததும் பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைத்துவிட்டு, மறுநாள் வேறு ஜோடி. செருப்பை உதறிவிட்டு உள்ளே போன ஜென்மத்துக்கு இவ்வளவு வேலையா!

ஈரம் காயாத பூட்ஸால் விரலிடுக்கில் சேற்றுப்புண், ஹீட்டர் காற்றால் குதிகாலில் பித்தவெடிப்பு என்று ஒரே காலில் மழைக்காலமும் கோடையும். குளித்ததும் இடுக்குகளை ஒற்றித் துடைத்துவிட்டு, குதிகாலுக்கு மட்டும் கிரீம். இடுக்கில் தடவினால் புண்ணுக்குக் கொண்டாட்டம்.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. அரைத்தூக்கத்திலும் சரியான சாக்ஸை எடுத்துவிடுவேன். அதை மாட்டும்போதுதான், காயப்போட்ட துணியை எடுக்க மத்தியான வெயிலில் மொட்டைமாடிக்கு ஓடியது ஞாபகம் வரும். கால் சுட்டு, நுனிவிரலில் தத்தித் தத்தி, "செருப்பைப் போட்டுட்டுப் போயேன்" என்ற அம்மாவின் திட்டையும் வாங்கிக்கொண்டு. அடுத்த முறை ஊருக்குப் போனதும் முதல் வேலை, பன்னிரண்டு மணி வெயிலில் அந்த மாடியில் வெறுங்காலோடு நிற்பதுதான். சுட்டால் சுடட்டும்.