வூஸ்டர் ஐயரின் கல்லறை

மூன்று மாதம் மகளோடு இருந்துவிட்டு வரலாம் என்று அட்லாண்டாவுக்குப் போயிருந்தேன். நயாகராவுக்குக் கூட்டிப்போக அவள் ஆசைப்பட்டாள். எனக்கு ஒரு கல்லறையைக் காட்டினால் போதும் என்றேன். "ஆற்றை கல்லறை மாமி?" என்றார் மருமகன்.

சாமுவேல் வூஸ்டர் ஐயருடையது. பாதிரிமாரை நாங்கள் ஐயர் என்போம். நாங்கள் அமெரிக்கன் மிஷன் என்று சொல்கிறோமே, அந்தச் சங்கத்தின் முதல் செயலாளர். 1815-இல் டேனியல் பூவர் முதலானவர்கள் கப்பலேறியபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர். அவர்கள் அடுத்த வருடம் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் என்று பள்ளிக்கூடங்கள் எழும்பின. என் அம்மம்மா உடுவிலில் படித்தவ. அனுப்பிய மனிதர் இறந்ததோ டென்னசியில், செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நாட்டில், 1821-இல்.

ஒரு சனிக்கிழமை ஜெபம் பண்ணிவிட்டு, கட்டுச்சோற்றோடு புறப்பட்டோம். வழியில் ஜார்ஜியாவிலேயே இருக்கிறது நியூ எக்கோட்டா, செரோக்கி தேசத்தின் அன்றைய தலைநகரம். இப்போது புல்வெளிதான். நீதிமன்றம், அச்சகம் எல்லாம் பிற்காலத்தில் திரும்பக் கட்டியவை. பழையபடி நிற்பது ஒரேயொரு இரண்டு மாடி வீடு. அதில் வாழ்ந்தவரும் சாமுவேல் வூஸ்டர்தான். ஆனால் இவர் பெரியவரின் தம்பி முறை அல்ல, பெறாமகன். ஊரில் சிலர் இருவரையும் ஒருவராக்கிக் கதை சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அச்சகத்தில் நான் நகரவேயில்லை. செக்குவோயா என்ற செரோக்கியர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர், தன் மொழிக்குத் தானே எழுத்து உண்டாக்கி 1821-இல் முடித்தார். அசைக்கு ஓர் எழுத்து. எங்கள் க, கி, கு போல. ஆனால் அவற்றுக்குள் உருவ ஒற்றுமை கிடையாது. ஒவ்வொன்றும் தனி வடிவம். மிஷனரிமார் கொடுத்த எழுத்தல்ல இது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் செய்தது அதை அச்சுக்குக் கொண்டுபோக உதவியது. பாஸ்டனில் அச்செழுத்து வார்த்தார்கள், பணம் செரோக்கி சபையின் பணம். 1828 பெப்ரவரியில் 'செரோக்கி பீனிக்ஸ்' பத்திரிகை வந்தது. மறு வருடம் மத்தேயு சுவிசேஷமும் ஞானப்பாட்டுப் புத்தகமும் வந்தன. யாழ்ப்பாணத்தில் எங்கள் உதயதாரகைப் பத்திரிகை 1841. அச்சு மை வாசனை அங்கே இல்லை, எனக்கு மட்டும் மணத்தது.

பீனிக்ஸின் ஆசிரியர் எலியாஸ் பூடினாட் செரோக்கியர். எலியாஸ் பூடினாட் என்பது அமெரிக்கப் பைபிள் சங்கத் தலைவரின் பெயர். படிக்கப் போகும் வழியில் அவரைச் சந்தித்து, அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். இந்தப் பெயர் மாற்றம் எனக்குப் புதிதல்ல. தமிழறிஞர் சி.வை. தாமோதரம்பிள்ளையின் மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரி அல்லவா? கல்லறைக்காக நான் தேடிப்போன பிரெய்னர்ட் மிஷனை 1817-இல் தொடங்கியவரும் ஒரு கிங்ஸ்பரி, சைரஸ் கிங்ஸ்பரி.

செரோக்கி நிலத்தில் வெள்ளையர் இருக்க வேண்டுமானால் அனுமதிப் பத்திரமும் விசுவாசப் பிரமாணமும் வேண்டும் என்று ஜார்ஜியா சட்டம் போட்டது. இளைய வூஸ்டர் மறுத்தார். 1831 ஆகஸ்டில் அவர் வீட்டில் இல்லாத நேரம் கைக்குழந்தை இறந்தது. செப்டம்பரில் நான்கு வருடக் கடூழியத் தண்டனை. தண்டிக்கப்பட்ட பதினொரு பேரில் ஒன்பது பேர் மன்னிப்பை ஏற்று வெளியே போக, அவரும் சக மிஷனரி டாக்டர் பட்லரும் சிறைக்குப் போனார்கள். 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது. தீர்ப்பு வந்தும் கதவு திறக்கவில்லை. மறு வருடம் ஜனவரியில்தான், அவர்கள் வழக்கைக் கைவிட்ட பிறகு, விட்டார்கள். கைவிடும்படி எங்கள் சங்கமே ஆலோசனை சொன்னது. அதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1835 டிசம்பரில் பூடினாட்டின் வீட்டில் செரோக்கியர் சிலர் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1838-இல் படை வந்து மக்களை விரட்ட, மேற்கே நடை. வழியிலும் முகாமிலுமாக நாலாயிரம் பேர்வரை செத்திருப்பார்கள் என்கிறார்கள். பட்லரும் அவர்களோடு போனார். பூடினாட்டை 1839-இல் சொந்த மக்களே கொன்றார்கள்.

டென்னசியின் சட்டனூகாவுக்குப் போய்ச்சேர மத்தியானம் ஆகிவிட்டது. பிரெய்னர்ட் மிஷன் நிலத்தில் இப்போது கடைத்தொகுதி. ஓரமாக இந்த மயானம் மட்டும் மரங்களுக்குக் கீழே மிஞ்சியிருக்கிறது. பள்ளிக்கூடம், ஆலை, பண்ணை ஒன்றும் இல்லை. காதரின் பிரவுன் என்ற செரோக்கிப் பெண் இங்கேதான் நகையும் நட்டுமாக வந்து சேர்ந்து, 1818-இல் ஞானஸ்நானம் பெற்றாள். பிறகு நகைகளைக் கொடுத்துவிட்டாளாம். அம்மம்மா கடைசிவரை தோட்டைக் கழற்றவில்லை, அது வேறு கதை.

வூஸ்டர் ஐயரை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். ஆனால் 1844-இல் தோண்டி மாசச்சூசெட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இது எனக்கு முன்பே தெரியும். வீட்டில் சொன்னால் வண்டி எடுக்கமாட்டார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

"அப்ப ஆருக்கு அம்மா நாங்கள் செபிக்கிறது?" என்றாள் மகள்.

பெயரில்லாத ஒரு கல்லின் பக்கத்தில் நின்று பழைய கீர்த்தனை ஒன்று பாடினோம். மூன்றாம் சரணம் மூன்று பேருக்கும் வரவில்லை. முதலாவதையே திரும்பப் பாடிவிட்டு வண்டியில் ஏறினோம்.